டேங்க் கவருக்கு மேல் ஒரு கவர்

பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசக் கிடைத்த நேரத்தில் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கல்யாணத்துக்கு அப்புறம் ஏற்காட்டுக்கு வண்டியிலயே போயிடலாம்." நானும் ஈ என்று இளித்துக்கொண்டு தலையாட்டினேன். என்னைச் சொல்லணும்.

எண்பதுகளின் கடைசி அது. சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு சின்னது. அத்தை, இரண்டு கொழுந்தன்கள், நாங்கள் இருவர். எங்கள் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு பீரோவும் திரையும்தான். இந்தப் பக்கம் நான் புரண்டு படுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை "தூக்கம் வரலையாம்மா?" என்பார். சரி, ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் அத்தையும் செருப்பை மாட்டிக்கொள்வார். நல்ல மனுஷிதான், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச எனக்கு இருந்த ஒரே இடம் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டு.

அந்தப் பின்சீட்டில்தான் உட்கார முடியாது! வண்டி அழுக்காகிவிடும் என்று அவர் ஆபீசுக்கு மின்சார ரயிலில் போனார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்குத் தொண்டு. முதலில் கிராஷ் கார்டு. அப்புறம் என் புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க சாரி கார்டு. சரி, எனக்காக ஏதோ செய்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த மாதமே அது சைடு பாக்ஸ் வைக்க இடைஞ்சல் என்று கழற்றிவிட்டார். டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் சொல்லி இரண்டு தகரப் பெட்டிகள் வந்தன. காற்றுக்கு முன்னால் கண்ணாடி. டேங்குக்கு ரெக்சின் கவர், அந்தக் கவர் வெளுத்துவிடக் கூடாது என்று அதன் மேல் துணிக் கவர், எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய். குளிர்காலத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு போர்வை.

பீரோ கதவில் ரோடு மேப்பை ஒட்டியிருந்தார். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, சேலம் என்று சிவப்புப் பென்சிலில் கோடு. பெட்ரோல் பங்குக்கு ஒரு குறி, பஞ்சர் கடைக்கு ஒரு குறி. கிளம்புவதுதான் இல்லை. ஆடியில் காற்று வண்டியைத் தள்ளும். ஐப்பசியில் சேறு. மார்கழிப் பனியில் குரோமியம் கறுக்கும். சித்திரை வெயிலில் சீட்டு வெடிக்கும். வருஷத்தில் மிச்சம் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், "பிளான் பண்ணாம போக முடியுமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாம்பரத்து மெக்கானிக்குக்கே பொறுக்கவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது என்னை வைத்துக்கொண்டே கேட்டார். "இன்னா சார், வண்டி ஓட்றதுக்கா, பூஜை போட்றதுக்கா? போன தபா ஊத்துன ஆயிலு அப்டியே கீது. அக்காவ கூட்டினு எங்கனா போய்ட்டு வா சார்." இவர் சிரித்துவிட்டு ஹாரனுக்கு உறை கிடைக்குமா என்று விசாரித்தார்.

அப்போதுதான் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர், செம்பாக்கத்தில் தன் சித்தி வீட்டு மாடி போர்ஷன் காலியாவதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு போய்ப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை, சாத்தினால் சாத்திக்கொள்ளும் கதவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மாசக் கடைசி வரைக்கும்தான் சித்திகிட்ட நிறுத்தி வைக்கச் சொல்ல முடியும்," என்றார் டீச்சர். தனிக்குடித்தனம் என்ற வார்த்தையைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிச் சொல்வது? சொன்னால் வண்டியில்தான் சொல்ல வேண்டும்.

"ஏற்காடு கிடக்கட்டுங்க. செங்கல்பட்டு வரைக்கும் போய்ட்டு வரலாம், சும்மா டிரையல் மாதிரி," என்றேன். டிரையல் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது இரண்டு பெட்டியிலும் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். பார்த்தால் செங்கல்! "பாரம் ஏத்தினாதானே டிரையல்?" என்றார். தலையில் அடித்துக்கொண்டு ஏறினேன்.

பெருங்களத்தூர், வண்டலூர் எல்லாம் லாரிச் சத்தத்தில் போனது. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் ரோடு கொஞ்சம் ஓய்ந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காதுப் பக்கம் குனிந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். செம்பாக்கம், மாடி, கதவு, மாசக் கடைசி. "நாம தனியாப் போயிடலாமாங்க?"

வண்டி மெதுவானது. புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். நானும் இறங்கி, தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றார்.

"என்னங்க?"

"கூடுவாஞ்சேரியிலேர்ந்தே கடகடன்னு ஒரு சத்தம். நானும் அதையே கேட்டுக்கிட்டு வர்றேன்." பெட்டியைத் திறந்தார். செங்கல் உராய்ந்து உள்ளே பெயிண்ட் உரிந்திருந்தது. "ஐயோ, போச்சே!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூட அந்தக் காதில் ஏறவில்லை. இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செங்கற்களை மரத்தடியில் அடுக்கிவிட்டு அங்கிருந்தே திரும்பினோம். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருப்பேன்.

மறுநாள் டீச்சரிடம் போய், வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அத்தைக்கும் கொழுந்தன்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "செம்பாக்கத்துல வீடு பார்த்திருக்கேன். அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் அங்க போறோம்."

அத்தை தன் மகனைப் பார்த்தார். "என்னடா இது?" என்றார்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்க வண்டி நிறுத்த இடம் இருக்கா?" என்றார்.

"இருக்கு. தனி ஷெட்டு," என்றேன். "வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்த்தேன்."