நெவில் மாற்றி வைத்த குரல்

திரை கறுப்பாக இருக்கும்வரை நெவில் மூச்சு விடமாட்டார். கீழுதட்டைக் கடித்தபடி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். பழைய விளையாட்டின் முகப்புப் படம் எழும்பி இசை தொடங்கிய பிறகுதான், "ஆங், பொழைச்சுக்கிச்சு" என்பார்.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில், சனிக்கிழமை மதியங்களில் சாரணர் கூடத்தில் சேரும் எங்கள் கூட்டத்தில் இந்த வேலைக்கு அவர்தான். வழக்கொழிந்த வீடியோ கேம் பெட்டிகளின் சிடிகளைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே நகலெடுப்பார். நகலைப் பிரித்து, காரின் நிறத்தையோ ஓட்டுநரின் முகத்தையோ மாற்றி, மறுபடி ஒரே சிடியாகக் கட்டுவார். பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் எமுலேட்டரில் அதை ஓடவிடுவார். "புதுசா வைக்கிறது கொஞ்சம் பெருத்தாலும் பின்னாடி இருக்கறதெல்லாம் எடம் மாறிடும்யா. மொத்தத்தையும் திரும்ப அடுக்கணும்" என்பார், ரொட்டியில் சுருட்டிய சாசேஜிலிருந்து சாஸ் சட்டையில் சொட்ட.

வார நாட்களில் அவர் சூப்பர் மார்க்கெட்டின் மீன் பிரிவில் நிற்கிறார். பக்கத்தில் டெஸ்மண்ட். டெஸ்மண்டுக்குத் திக்குவாய். "அ-அ-அடுத்தவங்க" என்று அவர் வாடிக்கையாளரை அழைப்பதை நெவில் ஒருநாள் அவருக்குத் தெரியாமல் போனில் பதிவுசெய்தார். ஒரு கார்ப் பந்தய விளையாட்டில், புறப்படச் சொல்லும் குரலை எடுத்துவிட்டு இதை வைத்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆளுக்கொரு நகல் வாங்கிக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை, லாமிங்டன் கேக் பெட்டியோடு டெஸ்மண்ட் கூடத்துக்கு வந்தார். "நெவில் இங்க எ-என்னதான் பண்றான்னு பாக்க வந்தேன்." நெவில் வெளியே சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் யாரென்று அறியாத எங்கள் ஆள் ஒருவர், விருந்தாளியாயிற்றே என்று ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்து, அந்தப் பந்தயத்தையே போட்டார். குரல் வந்ததும் வழக்கம்போல் எல்லாரும் சிரித்தோம்.

"அது நா-நான்தானே?"

இடுக்கியோடு உள்ளே வந்த நெவில் வாசலிலேயே நின்றுவிட்டார். டெஸ்மண்ட் பந்தயத்தைக் கடைசிவரை ஓட்டி முடித்தார். "நல்லாத்தான் கட்டிருக்க, நெவில். எ-எங்கயும் நிக்கல." கேக் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். யாரும் அதைத் திறக்கவில்லை.

நெவில் வீடு வீடாக வந்தார். என் வீட்டிலும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அழிச்சுட்டியா? எங்க, காட்டு" என்றார். அழித்துக் காட்டினேன். ஆனால் எங்களில் யாரோ அதற்குள் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். இன்றும் முகம் தெரியாதவர்கள் நெவிலுக்கு எழுதுகிறார்கள்: "அந்தத் திக்குவாய் ரேஸ் உங்ககிட்ட இருக்கா? சூப்பர் காமெடி!"

மன்னிப்புக் கேட்டபோது டெஸ்மண்ட், "மீ-மீனை வெட்டுய்யா" என்றாராம். அதற்குப் பிறகு அவர் வாடிக்கையாளர் யாரையும் அழைக்கவில்லை. நெவில்தான் அழைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் மீன் வாங்க நின்றேன். நல்ல கூட்டம். நெவில் வாயைத் திறந்தார். டெஸ்மண்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. நா-நானே கூப்பிடறேன்."

நிமிர்ந்து நின்று, கொஞ்சமும் அவசரப்படாமல், வரிசையின் கடைசிவரை கேட்கும்படி அழைத்தார். "அ-அ-அ-அடுத்தவங்க!"

நெவில் தலையைத் தூக்கவில்லை. ஏற்கெனவே ஐஸுக்குள் புதைந்து கிடந்த மீன்களின் மேல் இன்னும் இன்னும் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.