படியாத உப்பு

ஆரணியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா பட்டு நெய்பவள். தன் இரண்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை என்று ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இதுல பவுடர் பால் கலக்கலாங்களா சார்?"

பள்ளி ஆய்வகத்தில் அதில் சில்வர் நைட்ரேட்டையும் பேரியம் குளோரைடையும் தனித்தனியே சொட்டினேன். தண்ணீரில் குளோரைடோ சல்பேட்டோ அதிகம் இருந்தால், இரட்டை இடப்பெயர்ச்சி நடந்து கரையாத உப்பு வெள்ளையாகப் படியும். இரண்டிலும் லேசாகத்தான் கலங்கியது.

"நல்ல தண்ணிம்மா, தாராளமா குடு" என்றேன்.

பத்தாம் நாள் குழந்தையின் உதடு நீலமானது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"தண்ணியில நைட்ரேட் அதிகமா இருந்திருக்கு. அதான் ரத்தத்துல ஆக்சிஜன் ஏறல" என்றார் டாக்டர்.

மறுநாள் குழந்தை இறந்துவிட்டது.

நைட்ரேட் உப்புகள் எல்லாமே கரையும், படியாது. வருடா வருடம் நானே கரும்பலகையில் எழுதும் விதி அது. என் சோதனையில் அது அகப்படாது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா கேன் தண்ணி வாங்கியிருப்பேனே சார்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அன்று ஏன் என் வாயில் வரவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.