உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு

அந்த மைப்பொட்டு என்னை ஏமாற்றியதா, என் மகனைக் காப்பாற்றியதா? மூன்று ஆண்டுகள் ஆகியும் என்னால் சொல்ல முடியவில்லை.

திருமணத்துக்கு முன் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். கரிமச் சேர்மங்களை மெல்லிய படலங்களாகப் படியவைத்து, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை உமிழும் பட்டைகள் செய்வோம். வெங்காயத் தோல் போல வளையும். மகன் குறைமாதத்தில் பிறந்தபோது ஆய்வகத்தில் அப்படியொரு பட்டையைச் சோதனைக்காகக் கொடுத்தார்கள். பாதத்தில் சுற்றினால் ஒளி சதைக்குள் புகுந்து, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று கைப்பேசியில் எண்ணாகக் காட்டும். மருத்துவமனைக் கருவிக்கு இது மாற்றல்ல என்று கையெழுத்தும் வாங்கினார்கள். ஆனாலும் நான் நாள் முழுக்க அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் அக்காவை அண்ணி என்பேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டக் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த லயத்தில் வீடு. குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர்தான். ஒருநாள் பட்டையைக் கைப்பேசிக் கேமராவில் காட்டினேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில், திரையில் ஊதாவாக ஒரு துளி மினுங்கியது, மூடுபனிக்குள் எங்கோ எரியும் விளக்கு போல. அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "தெரியாத லைட்ட நீ நம்புற. தெரியாத கண்ணேற நான் நம்புறேன். ரெண்டு பேரும் ஒரே கேஸுதான் லா!"

ஒரு காலை, மலையெல்லாம் பனி. குளிப்பாட்டி, பட்டையைச் சுற்றி, காலுறை மாட்டி அண்ணி குழந்தையைத் தந்தார். சற்று நேரத்தில் எண் இறங்கத் தொடங்கியது. காய்கறி லோரி ஒன்றின் பின்னால் ஊர்ந்து, எல்லோருமாகக் காரில் தானா ராத்தா நகரத்து மருத்துவமனைக்குப் போனோம். சன்னலுக்கு வெளியே தேயிலையும் இல்லை, வானமும் இல்லை. வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தோம்.

தாதி காலுறையையும் பட்டையையும் கழற்றினார். உள்ளங்காலில், ஒளி விழும் இடத்திலேயே, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து வைத்த பெரிய பொட்டு. கரி அந்த ஒளியை விழுங்கிவிடும். துடைத்துவிட்டுப் பட்டையை மறுபடி சுற்றியதும் எண் ஏறியது.

"படிக்காதவங்க கையில புள்ளையக் குடுத்தது என் தப்பு," என்றேன், எல்லார் முன்னாலும்.

"மொகத்துல வச்சா அழிச்சிடுவியேன்னுதான் கால்ல வச்சேன்மா." என்றார் அண்ணி. பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். சளி உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. "நல்ல வேள, இன்னிக்கே வந்தீங்க," என்றார். பொட்டு இல்லாவிட்டால் அன்று போயிருக்கவே மாட்டோம்.

மகன் தேறிவிட்டான். தன் மைதான் அவனுக்கு நோயைக் கொண்டுவந்தது என்று அண்ணி இன்றும் நம்புகிறார். மருத்துவர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. முதலில் வெட்கம். பிறகு, சொன்னால் மருத்துவத்தைவிட மையை நம்பிவிடுவாரோ என்ற பயம். அதுவும் ஒரு சாக்குதானோ?

இப்போது மகளுக்கு இரண்டு மாதம். அண்ணிதான் குளிப்பாட்டுகிறார். பவுடர் போட்டு முடித்ததும் அவர் கை மைச்சிமிழ் வரை போய்த் திரும்பிவிடுகிறது. மகளின் உள்ளங்கால் வெறுமையாக இருக்கிறது.

இத்தனை நாள் மறைத்ததை எப்படித் தொடங்குவது? சிமிழைத் திறந்து அவர் கையில் கொடுத்தால் போதுமா, வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டுமா? இப்படி ஒருவரை நோகடித்துச் சரிசெய்தவர்கள் இருந்தால், எனக்குச் சொல்லுங்கள்.