புழு துளைத்த கத்தரிக்காய்

உடையப்பனுக்குப் பொய் சொல்ல வராது. அவர் தொழிலுக்கு முதல் என்று இருந்தது அது ஒன்றுதான். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். ஆறு வருஷத்துக்கு முன்னால் மருந்தடிக்கப் போனவர், முதுகில் டப்பாவோடு வரப்பிலேயே மயங்கி விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்து, இனி இந்த மண்ணில் ஒரு சொட்டு விஷம் விழாது என்று சொல்லிவிட்டார். மனைவி பேச்சாயியைத் தவிர யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை தோறும் திண்டுக்கல்லில் இருபத்தெட்டு வீடுகளுக்கு அட்டைப்பெட்டியில் காய் போகும். அந்தந்தப் பருவத்தில் விளைந்தது மட்டும்தான். ஒவ்வொரு பெட்டியிலும் மேலாகப் புழு துளைத்த கத்தரிக்காய் ஒன்றை வைப்பார். "புழுவே தின்னுருக்கு, பயப்படாமச் சாப்பிடுங்க" என்பார். முதன்முதலில் அதைப் பார்த்துச் சிரித்து, தெரிந்தவர்களையெல்லாம் சேர்த்துவிட்டவர் ரிட்டயரான ஆனந்தமேரி டீச்சர். அவர் இல்லையென்றால் உடையப்பனின் வைராக்கியம் ஆறு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

இந்தச் சித்திரையில் கிணறு கைவிட்டது. கத்தரி வாடியது, வெண்டை மஞ்சளடித்தது. மிஞ்சியது பூசணியும் முருங்கைக் கீரையும். மூன்றாவது வாரமும் பூசணியா என்று பத்து வீடுகள் நின்றுகொண்டன. மீதியும் போனால் மறுபடி மருந்து டப்பாவை மாட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் மனுஷன் செய்யக் கூடாததைச் செய்தார். மார்க்கெட்டில் பளபளவென்று இருந்த காயாகப் பொறுக்கி வந்து பதினெட்டுப் பெட்டிகளையும் நிரப்பினார். ஓட்டைக் கத்தரி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விளக்குமாற்றுக் குச்சியால் தானே குத்தினார். பேச்சாயி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று எல்லாவற்றையும் சொன்னார், குச்சியால் குத்தியது உட்பட. அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தார்.

டீச்சர் சிரித்துவிட்டார். "அட, இதுக்கா இப்படி நடுங்குறீங்க? அதான பார்த்தேன், கத்தரிக்கா வெண்ணெயா வெந்துச்சு. எல்லாருமே நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. இனிமே அதையே கொண்டாங்க, உடையப்பன். வீட்டுக்கு வந்துருதுல்ல, எங்களுக்கு அது போதும். இந்த வெயில்ல நீங்க எதுக்குக் காட்டுல கெடந்து சாகணும்?"

அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் உடையப்பனால் தாங்க முடியவில்லை. அவர் ஆறு வருஷமாக எதைக் கொடுப்பதாக நினைத்திருந்தாரோ, அதை யாருமே கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் பேச்சாயி கேட்டாள்.

"டீச்சர் வஞ்சாகளா, திட்டுனாகளா?"

"இல்ல."

"பெறகென்ன, மொகம் இப்படிச் செத்துக் கெடக்கு?"

உடையப்பன் கீழே உட்கார்ந்தார். "வஞ்சிருந்தா, கொடத்துல தண்ணி சொமந்தாச்சும் நாளைக்கே வெண்ட ஊனிருப்பேன், பேச்சாயி."