மாப்பிள்ளை போட்ட காவலாளி

சின்னவள் வாழ்க்கையில் ஜெயித்தவை என்று பார்த்தால் இவ்வளவு வரும். "இந்தப் பொண்ணுக்கு நேர்க்கோடு போடவே வராது" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்ன கணக்கு டீச்சரை ஜெயித்தாள். கட்டட வரைபடப் பயிற்சியில் சேர்ந்தபோது, பெண் ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்காததால் அவளுக்கு மட்டும் ஸ்டூல் இல்லாமல் போனது. நின்றுகொண்டே வரைந்து படிப்பை முடித்தாள். பிறகு ஒரு இன்ஜினியரின் அலுவலகம், ஜன்னல் இல்லாத மூலை. அவள் வரைவாள், அவர் கையெழுத்துப் போடுவார். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை வீடு கட்டியிருக்கோம்!" என்று பெருந்தன்மையாகவும் சொல்வார். அந்தப் பெருந்தன்மையை ஜெயித்து வெளியே வந்தாள். சொந்தமாக வரைபடம் கொடுக்க உரிமம் வேண்டும், அதற்கு ஒரு தேர்வு. முதல் தடவை கோட்டை விட்டாள், அடுத்த தடவை ஜெயித்தாள். கடைசியாக, சொந்தக்காரர்கள் அவள் மடிக்கணினியின் மேல் காட்டிய அன்பை ஜெயித்தாள்.

மற்றதெல்லாம் படித்தோ பொறுத்தோ ஜெயிக்கக்கூடியவை. கடைசியில் சொன்னதற்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, பாடப் புத்தகமும் கிடையாது. அதனால் அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உரிமம் கிடைத்ததும் அவளிடம் வந்த முதல் ஆள் ரொட்டிக்கடைக்காரர். கடைக்கு மேல் ஒரு மாடி எடுக்க வேண்டும், வரைபடம் போட்டுத் தரச் சொன்னார். போட்டாள். நகர அலுவலகத்தில் பார்த்துவிட்டு, படிக்கட்டு அகலம் போதாது, திருத்திக் கொண்டு வா என்றார்கள். திருத்திய வரைபடம் செவ்வாய்க்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். வரைபடத்துக்கு ஒப்புதல் தருகிற குழு புதன்கிழமை கூடுகிறது, அதற்குப் பிறகு அடுத்த மாதம்தான் கூடும்.

"இந்தத் தடவை விட்டுப்போச்சுன்னா நான் இன்ஜினியர்கிட்டயே போயிடுறேன்மா. தப்பா எடுத்துக்காதே" என்று ரொட்டிக்கடைக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவர் போனால் கூடவே அந்தத் தெருவே போகும் என்பது சின்னவளுக்குத் தெரியும். கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் மேலே ஒரு மாடி மேல் ஆசை இருந்தது. முதலில் யார் வரைபடம் பாஸாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படிக்கட்டை அகலப்படுத்துவது ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. சுவர் ஒரு பக்கம் நகரும், கதவு ஒன்று இடம் மாறும், அளவுகளைத் திரும்ப எழுத வேண்டும். செவ்வாய் காலையில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் திங்கள் சாயங்காலம் மடிக்கணினியை அணைக்கப் போனாள். அது அணைய மறுத்தது. "புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம், அணைக்க வேண்டாம்" என்று திரையில் எழுதிக் காட்டியது. யார் கேட்டது என்று திருப்பிக் கேட்பதற்கு அதில் பொத்தான் எதுவும் இல்லை.

செவ்வாய் காலையில் திறந்தாள். புதுப்பித்ததில் பின்னணிப் படம் மட்டும் அழகாகியிருந்தது, ஏதோ மலை, ஏதோ ஏரி. அந்த ஏரிக்கு மேலே சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. வரைபடம் திறக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு கோடு இழுத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது அந்தக் கோடு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது கோட்டுக்கு எல்லாமே உறைந்து போனது. அம்புக்குறி நின்ற இடத்தில் நின்றது. உள்ளே காற்றாடி மட்டும் மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது.

வேறு கணினியில் செய்யலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. வரைபடம் போடுகிற மென்பொருளின் உரிமம் இந்த ஒரு மடிக்கணினிக்குத்தான்.

வீட்டில் ஒரு மடிக்கணினி நின்றுபோனால், அதைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் எல்லோரும் முதலில் வந்து சேர்வார்கள். அக்காவின் கணவர் மாமா வந்தார். லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். நின்றுபோன எந்த இயந்திரத்துக்கும் அவரிடம் ஒரே மருந்து.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன் மாமா."

"எவ்வளவு நேரம் ஆஃப்ல வச்சே?"

"கொஞ்ச நேரம்."

"அதான். அதுக்கு ரெஸ்ட் பத்தலை."

அடுத்து சித்தப்பா. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லாக் கோளாறும் ஒயரில்தான் இருக்கிறது என்பது அவர் கொள்கை. சார்ஜர் ஒயரைப் பிடுங்கி, ஊதி, வேட்டியில் துடைத்து, திரும்பச் செருகினார். ஒன்றும் ஆகவில்லை. "ஒயர்ல கோளாறு இல்லை" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மா மட்டும் விஷயத்துக்கு வந்தாள். "புதுசா ஆக்கினதால கெட்டுப்போச்சுன்னா, பழையபடி ஆக்கச் சொல்லு அதுகிட்ட."

"அதுக்கும் அது ஓடணும்மா."

முன் அறையில் அக்கா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் சத்தம் நிற்கவில்லை.

சின்னவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ரகம் இல்லை. மாமா பேசி முடிக்கும் வரை தலையாட்டிவிட்டு, கணினியை சேஃப் மோடில் திறந்தாள். அதாவது, அவசியமானதை மட்டும் எழுப்பி, மற்ற எல்லாவற்றையும் தூங்க விடுகிற முறை. திரை அசிங்கமாக, எழுத்துகள் பெரிது பெரிதாக வந்தது. ஆனால் அம்புக்குறி எலிக்குஞ்சு மாதிரி ஓடியது. முதல் வேலையாக வரைபடத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரியாயிடுச்சு பார்த்தியா! ஒயரைத் துடைச்சேன் இல்ல!" என்றார் சித்தப்பா.

"இதுல வரைய முடியாது சித்தப்பா, மென்பொருள் திறக்காது. ஆனா மிஷின்ல கோளாறு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதோட சேர்ந்து எழுந்திரிக்கிற ஏதோ ஒண்ணுதான் கழுத்தைப் பிடிக்குது."

எது என்று கண்டுபிடிக்க அவள் செய்தது எளிமையான காரியம். கணினி திறக்கும்போது தானாகக் கிளம்புகிற எல்லாவற்றையும் நிறுத்தினாள். பிறகு வழக்கம்போலத் திறந்து, ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்தாள். அச்சுப்பொறிக்கானது எழுந்தது, பிரச்சினை இல்லை. படங்களைச் சேமிப்பது எழுந்தது, பிரச்சினை இல்லை. இப்படி வரிசையாக வந்து, கடைசியில் மிஞ்சியவை இரண்டு.

ஒன்று, மாமா போட்டது. போன வருஷம் வந்திருந்தபோது, "நம்ம வீட்டுப் பொண்ணு மிஷின்ல பாதுகாப்பு இல்லாம இருக்கலாமா?" என்று வைரஸ் தடுக்கிற புரோகிராம் ஒன்றை அன்பளிப்பாக ஏற்றிவிட்டுப் போயிருந்தார். திரையின் மூலையில் தங்க நிறக் கேடயம் மினுக்கும். மற்றது, சித்தப்பா போட்டது. மாப்பிள்ளை ஒன்று போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்ட மறு வாரமே, அதைவிடப் பெரிய கேடயமாகப் பார்த்து ஒன்றை ஏற்றினார். இதுவரை இரண்டு காவலாளிகளும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் ஒரே வீட்டில் காலம் தள்ளியிருக்கிறார்கள். அப்டேட் வந்து இரண்டு பேரையும் தட்டி எழுப்பிவிட்டது. இவர் ஒரு கோப்பைத் திறந்து சோதனை போட்டால், அவர் இவரைத் திருடன் என்று பிடிப்பார். அவரைப் பிடிக்க இவர் ஓடுவார். நடுவில் ரொட்டிக்கடை மாடிப்படி அப்படியே நின்றது.

ஒன்றை மட்டும் எழுப்பினால் கணினி ஓடியது. இரண்டையும் எழுப்பினால் உறைந்தது. தடுத்து நிறுத்தி வைக்கலாமா என்றும் பார்த்தாள். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து கடமையைச் செய்தது. ஒன்றை நீக்கித்தான் ஆக வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

நீக்குவது இரண்டு பொத்தான் வேலை. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளை கொடுத்ததை யாரும் எடுத்து வைத்தது கிடையாது. அவர் வாங்கித் தந்த சுவர்க் கடிகாரம் எப்போதும் பின்தங்கி ஓடும். எல்லோரும் மனதுக்குள் கூட்டிக்கொண்டு வண்டியைப் பிடிப்பார்கள். சித்தப்பா கொடுத்ததை நீக்கலாம் என்றால், போன தடவை அவர் கோபித்துக்கொண்டபோது சமாதானப்படுத்தவே ஒரு மழைக்காலம் ஆனது.

அம்மா சமையலறை வாசலுக்கு அவளை இழுத்துக்கொண்டு போய் ரகசியமாகச் சொன்னாள். "சித்தப்பாவோடதை எடுத்துடு. நம்ம ஆளு, பொறுத்துப்பாரு. மாப்பிள்ளையோடதைத் தொடாதே."

ரகசியம் முன் அறை வரைக்கும் கேட்டது.

"ஓ, நான்னா பொறுத்துப்பேன், இல்ல? பொறுத்துக்கிறதுக்குன்னே பிறந்தவன் நான்" என்றார் சித்தப்பா. செருப்பைத் தேடத் தொடங்கினார்.

மாமா தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒண்ணும் இல்லை. என்னோடதையே எடுத்துக்கட்டும். நான் யாரு? வெளியாளு."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மாப்பிள்ளை!" என்று அம்மா பதறினாள். "கம்ப்யூட்டர் ஓடலைன்னா என்ன இப்போ? ரொட்டிக்கடைக்காரர் இன்னொரு மாசம் மாடி இல்லாம இருக்கட்டும். வீட்டு மனுஷங்க மனசு முக்கியம் இல்லையா?"

தையல் மிஷின் நின்றது. அக்கா கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றாள். தங்கையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இன்ஜினியர் அலுவலகத்தில் இருந்த அத்தனை வருஷமும், யார் மனசும் நோகாமல் பெயரை விட்டுக்கொடுத்த பழக்கம் சின்னவளுக்கு. அந்தப் பழக்கத்தில் வாயும் கொஞ்சம் திறந்தது, "சரி, பரவாயில்லை" என்று சொல்ல. ஆனால் வெளியே வந்தது வேறு.

"மாமா, வீட்டை விட்டு நான் யாரையும் அனுப்பலை. புரோகிராமைத்தான் அனுப்புறேன். சித்தப்பா, நீங்களும் செருப்பைப் போடாம உட்காருங்க. ரெண்டையும் எடுக்கப்போறேன்."

"ரெண்டையுமா?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அந்தக் குடும்பத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் தருணம் அது.

"ரெண்டையும்தான். ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயம்னு வேண்டாம். மிஷினோடவே வந்த காவல் ஒண்ணு இருக்கு, அது போதும்."

"அது யார் போட்டது?" என்று சித்தப்பா சந்தேகமாகக் கேட்டார்.

"யாரும் போடலை."

அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. மாமாவுக்கு இல்லை. சின்னவள் அவர் கண் முன்னாலேயே தங்கக் கேடயத்தின் மேல் அழுத்தினாள். அந்தப் புரோகிராம் உடனே போய்விடவில்லை. உண்மையிலேயே போகச் சொல்கிறீர்களா என்று கேட்டது. போனால் என்னென்ன ஆபத்து வரும் என்று வரிசையாகப் பயமுறுத்தியது. எங்கள் சேவையில் என்ன குறை என்று கேட்டு, குறைகளையும் தானே எழுதிக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மாமா ஒவ்வொரு கேள்விக்கும் திரையைப் பார்த்து, "கேக்குது பாரு, கேக்குது பாரு" என்றார். சின்னவள் ஒவ்வொரு கேள்விக்கும் "ஆம்" என்றாள். சித்தப்பாவின் கேடயம் இன்னும் கூடுதலாகக் கெஞ்சியது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கணினி அணைந்து எழுந்தது. ஏரிக்கு மேல் வட்டம் சுற்றவில்லை. மாமா டீ குடிக்காமல் கிளம்பிப் போனார். அம்மா தெருமுனை வரை அவர் பின்னால் போய்ப் பேசிவிட்டு, திரும்பி வந்து சின்னவளோடு பேசவில்லை. அதையெல்லாம் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. கோடு, இழுத்த உடனே வந்தது. சுவரை நகர்த்தினாள், கதவை மாற்றினாள், அளவுகளை எழுதினாள், ஒவ்வொன்றையும் கூட்டிச் சரிபார்த்தாள். ஒரு மூலையில் சுவரின் கனத்தைச் சேர்க்காமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். பெரிய தாளில் அச்சடிக்கிற கடைக்கு ஓடினாள். அங்கிருந்து நகர அலுவலகத்துக்கு.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மேசை விளக்கை அணைத்துவிட்டிருந்தார். சின்னவளின் முகத்தைப் பார்த்துத் திரும்பப் போட்டார். தாளை விரித்தார். படிக்கட்டின் மேல் விரலை வைத்தார், தலையாட்டினார். விரல் அப்படியே கீழே இறங்கி, வலது மூலைக் கட்டத்தில் நின்றது.

"கையெழுத்து எங்கே?"

சின்னவள் எட்டிப் பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது. இவ்வளவு காலமாக அந்தக் கட்டத்தை இன்ஜினியருக்காக விட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். முந்தைய தடவை திருத்தத்துக்காகக் காட்டியபோதும் அப்படியே விட்டிருந்தாள். அப்போது யாரும் கேட்கவில்லை. விட்டதே இப்போதுதான் தெரிந்தது.

"போடறவரை வரச் சொல்லும்மா" என்றார் எழுத்தர். "சீக்கிரம். பூட்டப்போறோம்."

"வந்தாச்சு சார்."

"எங்கே?"

"நான்தான்."

எழுத்தர் அவளைப் பார்த்தார், தாளில் இருந்த உரிம எண்ணைப் பார்த்தார், தன் பேனாவை ஜன்னல் வழியாக நீட்டினார். சின்னவள் தாளைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, தன் முழுப் பெயரையும் கட்டத்தின் கோடு தாண்டாமல் எழுதினாள். இன்ஜினியர் மாதிரி கிறுக்கவில்லை. எழுத்து எழுத்தாக, யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி. அதற்குக் கீழே தேதியும் போடச் சொன்னார் எழுத்தர். போட்டாள்: 2024 ஜூன் 11.