விழிதியூர்க் கிளையைப் பற்றி அமிர்தம் சொன்னது

தாமரைச்செல்வி இந்தி கற்றது ஆசைப்பட்டு அல்ல. அவள் பிறந்தது விழிதியூர், வாக்கப்பட்டதும் விழிதியூர். வேலையும் அதே ஊரில், கீழ்க்கடல் வங்கிக் கிளையில் கிடைத்தது. மத்தியானம் வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குஞ்சிதபாதம் மகள், மீதிப் பேருக்குச் சிவநாதன் பெண்டாட்டி. கவுண்டரில் உட்கார்ந்தால், யார் வீட்டு நெல் எந்த மில்லுக்குப் போனது என்பதுவரை காதில் விழும்.

அப்படிப்பட்டவளை, அரசாங்கம் கீழ்க்கடல் வங்கியை வடக்கத்திப் பெரிய வங்கி ஒன்றோடு இணைத்தபோது, போபாலுக்குத் தூக்கிப் போட்டார்கள். விழிதியூர்க் கிளையை மூடி, கணக்குகளையெல்லாம் காரைக்கால் டவுன் கிளைக்கு மாற்றினார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருஷம் தாமரைச்செல்வி வீட்டில் இல்லை. அப்பா படுக்கையில் விழுந்த சேதி வந்து, ரயில் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. போபாலில் எதிரே நிற்பவர் பேசுவது புரியாமல் ஆரம்பத்தில் கழிப்பறையில் போய் அழுதிருக்கிறாள். பிறகு காய்கறிக்காரியிடமும் வீட்டுக்காரம்மாவிடமும் பேசிப் பேசி நாக்குத் திரும்பியது. ஒருவழியாக மாற்றல் வாங்கி டவுன் கிளைக்கு வந்தபோது, மூடிக்கிடந்த விழிதியூர்க் கிளையைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் போகவேண்டியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள்.

இந்த நிலையில்தான் இணைப்பை விசாரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று கிளம்பியது. அவசரப்பட்டு இணைத்தார்களா, யாருக்கு லாபம், வாடிக்கையாளர் கதி என்ன என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் காரைக்காலுக்கும் வந்தார்கள். கலெக்டர் அலுவலகக் கூடத்தில் விசாரணை. மொழிபெயர்க்க வரவேண்டியவர் புதுச்சேரியிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டார். வங்கி ஊழியர் சங்கச் செயலாளர் ராஜ்மோகன் உடனே தாமரைச்செல்வியின் பெயரைச் சொன்னார். இணைப்பால் அடிபட்டவள், நம் பக்கத்து ஆள் என்று அவர் கணக்கு. சம்பளம் வாங்குகிறவள், வார்த்தையை அளந்துதான் பேசுவாள் என்று வங்கி அதிகாரிகளும் தலையாட்டினார்கள்.

சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருத்தி கருக்களாச்சேரி அமிர்தம். மீன் விற்கிறவள், ஊர் மகளிர் குழுவின் தலைவி. ஏலத்தில் அவள் குரல் எழும்பினால் அடுத்தவர் குரல் கேட்காது. அவளைக் கூட்டிவந்ததே சங்கம்தான். கிளையை மூடியதால் கடற்கரை ஜனங்கள் படும் பாட்டைச் சொல்வாள் என்று ராஜ்மோகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாடாளுமன்றக் குழுவின் தலைவி, வயதான அம்மாள், இந்தியில் கேட்டார். தாமரைச்செல்வி தமிழில் சொன்னாள்: "கிளையை மூடுனதுல உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேக்குறாங்க."

"கஷ்டம் இருக்கு," என்றாள் அமிர்தம். "டவுனுக்குப் போயிட்டு வந்தா பொழுது போயிடுது. அன்னிக்கு யாவாரம் இல்ல. லோன் கேட்டா, அங்க இருக்குற புள்ள பேசுறது நமக்கு வௌங்கல, நாம பேசுறது அதுக்கு வௌங்கல. இதெல்லாம் எழுதிக்கிடச் சொல்லுங்க."

தாமரைச்செல்வி மொழிபெயர்த்தாள். ராஜ்மோகன் முகத்தில் வெளிச்சம்.

"ஆனா ஒண்ணு," என்று அமிர்தம் தொடர்ந்தாள். "விழிதியூர்ல பேங்கு இருந்தப்ப நாங்க சந்தோஷமா இருந்தோம்னு யாரும் நெனச்சிக்கிட வேணாம். அங்க போனா எங்கள வெளில ஒக்கார வெப்பாங்க. கூட்டம் போவட்டும், அப்பறமா வாங்கம்பாங்க. உள்ள ஏசி ஓடுதுல்ல, கவிச்சி நிக்குமாம். குளிச்சிட்டு, மாத்துச் சீல கட்டிக்கிட்டுப் போனாலும் மூக்கப் பொத்துவாங்க. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊரு. நான் எந்தக் கரைக்காரின்னு தெரு முனையில வரும்போதே தெரிஞ்சிடும். டவுன்ல என்ன ஒருத்தருக்கும் தெரியாது. சீட்டு எடுத்தா நம்பர் கூப்புடுது. என் நம்பர் வந்தா நான்தான். எனக்கு முன்னாடி ஒரு மிராசுதாரும் போவ முடியாது."

 எல்லோரும் தாமரைச்செல்வியைப் பார்த்தார்கள்.

மீன்காரப் பெண்களை உட்கார வைத்த பெஞ்சை விழிதியூர்க் கிளை வாசல் புங்கமரத்தடியில் போடச் சொன்னவள் தாமரைச்செல்விதான். பாவம், வெயிலில் நிற்கிறார்களே என்று மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கினாள். போபாலில் தூக்கம் வராத நாள்களில் அதை நினைத்து ஆறுதல் பட்டிருக்கிறாள்: நம் கிளையில் மனிதரை மனிதராகப் பார்த்தோம், இங்கே யாரும் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று. அவர்கள் ஏன் வெளியே இருக்கவேண்டும் என்ற கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை.

இந்தியில் ஒரு வாக்கியமும் விடாமல் சொன்னாள். மூக்கைப் பொத்திய இடம் வந்தபோது, "அவர்கள்" என்று சொல்லியிருக்கலாம். அமிர்தம் சொன்னதும் அதுதான். வாயில் வந்தது "நாங்கள்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் அந்தக் கிளையில் வேலை பார்த்தவரா?"

"ஆமாம்."

"அப்படியானால் இணைப்பு நல்லதா, கெட்டதா? அவர் என்ன சொல்கிறார்?"

தாமரைச்செல்வி அதைத் தமிழில் கேட்டாள். அமிர்தம் சிரித்துவிட்டாள். "அத எங்கிட்டயா கேக்குறது? சேத்தவங்க எங்களக் கேட்டா சேத்தாங்க? எனக்கு ரெண்டும் வேணும். ஊர் பக்கத்துல பேங்கு வேணும், உள்ள போனா நாற்காலியும் வேணும்."

வெளியே வந்ததும் ராஜ்மோகன் பிடித்துக்கொண்டார். "ஏன் மேடம், கொஞ்சம் சுருக்கிச் சொல்லியிருக்கப்படாதா? நிர்வாகத்துக்கு வெத்தல பாக்கு வெச்சுக் குடுத்துட்டீங்களே!"

"அவங்க சொன்னதத்தான் சார் சொன்னேன்."

"நீங்க போபால்ல பட்டதெல்லாம் மறந்துபோச்சா?"

"அது மறக்குமா? அதுவும் நெசம், இதுவும் நெசம்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எதிர் டீக்கடையில் அமிர்தம் நின்றிருந்தாள். "நான் சொன்னத அப்புடியே சொன்னீங்களாம்மா?"

"அப்படியேதான்க்கா."

"மூக்கப் பொத்துனதுமா?"

"அதுவும்தான்."

அமிர்தம் டீயை ஆற்றினாள். "ஒங்களச் சொல்லல. நீங்க நல்ல மாதிரிதான் பேசுவீங்க."

"என்னையும் சேத்துத்தானக்கா சொன்னீங்க."

 "ஆமா," என்றாள் அமிர்தம். பொய் சொல்லி ஆறுதல் தரும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் இரண்டு டீக்கும் அவளே கொடுத்துவிட்டாள். தாமரைச்செல்வி பையைத் திறக்க விடவில்லை.

குழுவின் அறிக்கை மறுவருஷம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அவசரப்பட்டுத்தான் இணைத்தார்கள், கடற்கரைக் கிளைகளை மூடியிருக்கக் கூடாது என்றது. பெரிய கிளையில் தனக்கு மரியாதை கிடைத்ததாக ஒரு சாட்சி சொன்னதையும் ஒரு வரியில் சேர்த்திருந்தார்கள். வங்கி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. விழிதியூர்க் கிளை திறக்கவில்லை. அதற்குப் பதில் வாரம் ஒருநாள் கடற்கரை ஊர்களுக்கு வேன் அனுப்புவது என்று முடிவாயிற்று. அதில் போக யாரும் முன்வரவில்லை. தான் போவதாகத் தாமரைச்செல்வி எழுதிக் கொடுத்தாள்.

"ஒன்ன யாரும் போகச் சொன்னாங்களா?" என்று சிவநாதன் கேட்டார்.

"இல்ல. நானாத்தான் கேட்டேன்."

"எதுக்கு?"

"தெரியலங்க. போயிப் பாக்குறேன்."

கருக்களாச்சேரி ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் வேன் நிற்கிறது. பெண்கள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக ஏறி வருகிறார்கள். உள்ளே உட்கார இடம் போட்டிருக்கிறது. கவிச்சி மூக்கில் ஏறத்தான் செய்கிறது. இல்லை என்று தாமரைச்செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில்லை. வேலையைப் பார்க்கிறாள்.

அமிர்தம் மட்டும் வேனுக்கு வருவதில்லை. தன் குழுப் பெண்களை அனுப்பிவைக்கிறாள். பணம் போட, எடுக்க அவள் டவுனுக்கே பஸ் ஏறிப் போய், சீட்டு எடுத்துத் தன் நம்பருக்காக உட்கார்ந்திருக்கிறாள். வழியில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பாள். ஏன் வருவதில்லை என்று தாமரைச்செல்வி இதுவரை கேட்கவில்லை.