குடைக்கம்பியில் செய்த கருவி

அந்தமானில், லாங் ஐலண்ட் தீவுப் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. துப்பாக்கி சுடும் பயிற்சிக்கென்று இரண்டு ஏர் ரைபிள்கள் இருக்கின்றன. இரண்டும் பழசு. கழற்றித் துடைத்து மாட்டும்போது ஓரிடத்தில் மட்டும் உயிர் போய்விடும். இரண்டு பாகங்களைச் சேர்க்கிற குறுக்குப் பின் நழுவாமல் இருக்க, பக்கத்துத் துளைக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் தலையில் அரிசி நீளத்துக்கு ஒரு எஃகு ஊசி. அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பின்னைத் தள்ள வேண்டும். பிடி விலகினால் ஸ்பிரிங் தெறித்துவிடும். பிள்ளைகளும் நானும் தரையில் தவழ்ந்து தேடுவோம். கிடைக்காவிட்டால் மெயின்லேண்டிலிருந்து புதுசு வரும்வரை அந்த ரைபிள் சும்மா கிடக்கும்.

என் கணவர் படகு என்ஜின் மெக்கானிக். நான் புலம்புவதைக் கேட்டு ஒருநாள் உடைந்த குடையின் கம்பி ஒன்றை வெட்டி, நுனியைத் தட்டையாக்கி, நடுவில் கீறிக் கொடுத்தார். பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார். அந்தக் கீறலில் ஊசியின் தலை போய் உட்காரும். முதல் வாரத்திலேயே பிள்ளைகள் பழகிவிட்டார்கள். "சார் பண்ணின டூல்" என்றுதான் அதற்குப் பெயர்.

போன வருடம் போர்ட் பிளேரில் போட்டி. சுடுவதற்கு முன் எல்லாப் பள்ளிகளின் சாமான்களையும் மேசையில் பரப்பிச் சோதித்தார்கள். பக்கத்து அணியிடம் பளபளவென்று ஒரு பெட்டி. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் பள்ளம். சோதித்தவர் எங்கள் பையிலிருந்து குடைக்கம்பியை இரண்டு விரலால் தூக்கினார்.

"மேடம், யே க்யா ஹை? என்ன இது, மீன் சுடுற கம்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எங்களுது இல்ல சார். பையில தவறி வந்திருக்கும்" என்றேன்.

அவர் அதை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். என் பக்கத்தில் நின்ற மாணவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். போட்டி முடிந்து கிளம்பும்போது ஜன்னலைக் கடந்துதான் போனோம். கம்பி அங்கேயே கிடந்தது. கை நீட்டி எடுத்திருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதாலேயே எடுக்க முடியவில்லை. எடுத்தால் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டதாகும்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார்: "அந்தக் கம்பி எங்க? கொடு, நுனியைக் கொஞ்சம் தேய்ச்சுத் தாறேன்."

"படகுல எங்கயோ விழுந்துட்டுதுங்க."

"போனா போகுது, விடு. வேற செய்வம்."

நான் அவர் செய்யும்வரை காத்திருக்கவில்லை. போனில் தேடி, கடைக் கருவி ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். எங்கள் தீவுக்கு டெலிவரி இல்லை என்று வந்தது. போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் இருக்கும் தோழியின் முகவரியைக் கொடுத்து, வந்ததும் படகில் அனுப்பச் சொன்னேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

படகு வந்து நிற்கும் ஜெட்டியில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரிடமே படகுக்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்தவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கூடவே சட்டைப்பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தார். புதுக் குடைக்கம்பி. இந்த முறை நுனியில் பித்தளை பற்றவைத்திருந்தார்.

"உனக்கு ஏதோ வந்திருக்கு. பிரி."

"அப்புறம் பிரிக்கிறேங்க."

"பிரியேன். பாப்பம்."

பிரித்தேன். விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் தண்டு, குறுக்கே ஒரு துளை. கூட வந்த தாளில் படம் போட்டிருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பழுது பார்க்க ஒரு ரைபிளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்தார். குறுக்குப் பின் போகிற இடத்தில் தண்டைச் செருகி, அதன் துளை வழியாக ஸ்பிரிங்கையும் ஊசியையும் இறக்கி, அமுக்கி, தண்டைத் திருப்பினார். ஊசி உள்ளே மாட்டிக்கொண்டது. பிறகு பின்னைத் தள்ள, தண்டு மறுபக்கம் தானாக வெளியே வந்தது. எதுவும் தெறிக்கவில்லை. மூச்சுக்கூடப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லா யோசிச்சுப் பண்ணியிருக்கான்" என்றார். பிறகு ரைபிளைத் திருப்பி, ஊசித் துளையின் ஓரத்தில் விரலை ஓட்டினார். "என்னுது கீறிடுச்சு, பாத்தியா? இரும்பும் இரும்பும் உரசுது. போனவாட்டி நீ துடைக்கக் கொண்டுவந்தப்பவே கண்டேன். கருப்புப் பெயிண்ட் வச்சு மறைச்சேன். அதுக்குத்தான் இப்ப பித்தளை."

அவர் குரலில் கோபமே இல்லை. தப்புச் செய்தவர் மாதிரிச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போர்ட் பிளேரில் நடந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன், சிரிப்பு, நான் சொன்ன பதில், ஜன்னல், எல்லாவற்றையும்.

கேட்டு முடித்து, "நெறைய பேரு இருந்தாங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"நம்ம பிள்ளைகளும்?"

"ம்."

தட்டைப் பார்த்தபடி, "டியூப் சுத்தாம மரப்பிடி போட்டுக் கொடுத்திருக்கணும். பாக்க ஒழுங்கா இருந்திருக்கும்" என்றார். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அவர் சாப்பிடத் தொடங்கினார்.

மறுநாள் பயிற்சியில் அந்த மாணவியைத் தனியே கூப்பிட்டு, "அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன். "தெரியும் மேடம்" என்றாள். ரைபிளை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

இப்போது பிள்ளைகள் கடைக் கருவியைத்தான் எடுக்கிறார்கள். அதுதான் சரி, வேலை சுலபம், ரைபிளில் கீறல் விழுவதில்லை. பித்தளை நுனி வைத்தது அலமாரியில் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு ரைபிள் மாட்டிக் காட்டும்படி அவரைப் பலமுறை கூப்பிட்டுவிட்டேன். "கடைச் சாமானுக்கு நான் எதுக்கு? தாளில எல்லாம் போட்டிருக்கே" என்கிறார். முன்பெல்லாம் ஜெட்டியிலிருந்து வரும் வழியில் பள்ளி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். இப்போது கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். எப்போதாவது சாப்பிடும்போது மட்டும், "ஸ்பிரிங் பறக்குதா?" என்பார்.

"இல்லைங்க."

"டீக் ஹை, சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போவார்.